கட்டத்துக்குள் பிள்ளையார் சுழி

எழுத்து என்றால் எழுதின இடத்தில் எழுதினபடி கிடப்பது என்றுதான் பச்சையப்பன் அதுவரை நினைத்திருந்தார். பஸ் போர்டில் கும்மிடிப்பூண்டி என்று இருந்தால் இருந்ததுதான். பஸ் கவரைப்பேட்டையில் பஞ்சராகி நின்றாலும் போர்டு தன் பாட்டுக்குக் கும்மிடிப்பூண்டி கும்மிடிப்பூண்டி என்று சொல்லிக்கொண்டு நிற்கும். எழுதியவன் செத்துப் போனாலும் அது மாறாது. நாற்பதைத் தாண்டி எழுத்துக் கூட்டக் கற்ற மனுஷனுக்கு அதுவே போதுமான அதிசயமாக இருந்தது.

அந்த நினைப்பை ஒரு காலை நேரம் கவிழ்த்துப் போட்டது.

இரும்பைப் பழுக்கக் காய்ச்சி உறுதி ஏற்றிக் கொடுக்கிற கம்பெனியில் அவருக்கு வேலை. அது சிப்காட்டின் உள்ரோட்டில், லாரிகள் வரிசை கட்டி நிற்கும் இடத்துக்குப் பின்னால் இருக்கிறது. டிராக்டருக்கும் லாரிக்கும் போகிற பின், தண்டு, பல்சக்கரம் எல்லாம் இரும்புக் கூடையில் அடுக்கி ஃபர்னசுக்குள் தள்ளுவார்கள். பச்சையப்பன் அந்த ஃபர்னஸ் வாயில் நின்றே தேய்ந்தவர். சிவந்த இரும்பைப் பார்த்துப் பார்த்து ஒரு கண்ணில் புரை விழுந்து ஆபரேஷனும் ஆகிவிட்டது. "இன்னொரு கண்ணாவது மிஞ்சணும்னா நெருப்பு முன்னாடி நிக்காதீங்க" என்று டாக்டரம்மா கண்டிப்பாகச் சொல்லிவிட்டார்.

நெருப்பு முன்னாடி நிற்காதவனுக்கு அங்கே என்ன வேலை? ஒன்றே ஒன்று இருந்தது. ஃபர்னசுக்கு எதிரே கண்ணாடி அறை, அதில் ஒரு கம்ப்யூட்டர், ஒரு நாற்காலி. அதில் உட்கார்ந்திருந்தவர் வேலையை விட்டுவிட்டுச் சொந்த ஊர் போய்விட்டார்.

"அது படிச்சவன் உக்கார்ற சீட்டு" என்றார் ஷிப்ட் இன்சார்ஜ் ரகு.

"தமிழ் படிக்கத் தெரிஞ்சா போதும் சார். கம்ப்யூட்டர்ல செய்முறைப் பக்கத்த நான் தமிழ்லதான் எழுதி வெச்சிருக்கேன்" என்றாள் நந்தினி. மீஞ்சூரிலிருந்து ரயிலில் வருகிற இன்ஜினியர் பெண். பேசும்போதே பாதி சிரிப்பாள்.

மேலே பேசி ஒரு முடிவுக்கு வந்தார்கள். கொஞ்ச நாள் நந்தினி பக்கத்தில் உட்கார்ந்து பார்க்கட்டும். திங்கட்கிழமை தனியாக ஓட்டட்டும். ஓட்டினால் நாற்காலி. ஓட்டாவிட்டால் கணக்கை முடித்துக்கொண்டு வீட்டுக்குப் போக வேண்டியதுதான். இரும்புக் கூடைப் பக்கம் திரும்பிப் போக அவருக்குக் கண் இல்லை.

முதல் நாள் நந்தினி அந்தப் பக்கத்தைத் திறந்தாள். பச்சையப்பன் உதடு அசைய எழுத்துக் கூட்டினார். 'கூடையை உள்ளே வைக்கும் முன் ஃபர்னசில் சூட்டுமானி வைத்த மூன்று மூலையிலும் சூடு ஒன்றாக இருக்கிறதா என்று பார்க்கவும். ஒரு மூலை குளிர்ந்திருந்தால் அந்தப் பக்கத்து இரும்பு வேகாது.' நல்ல தமிழ். யாரோ எதிரே உட்கார்ந்து பேசுகிற மாதிரி இருந்தது. அதற்குக் கீழே சாம்பல் நிறத்தில் ஒரு கட்டம். கட்டத்துக்குள்ளும் எழுத்துதான்.

"மேல இருக்குது பாருங்கண்ணா, அது உங்களுக்கு. கட்டத்துக்குள்ள இருக்குறது மெஷினுக்கு" என்றாள் நந்தினி.

"ரெண்டும் ஒரே காயிதத்துலயா?"

"ஒரே காயிதம்தான். வெறும் எழுத்து. நீங்க போன்ல மெசேஜ் அடிக்கிற மாதிரிதான். இப்ப இந்த முக்கோணத்த அமுக்குங்க."

அமுக்கினார். கட்டம் ஒரு நொடி யோசிக்கிற மாதிரி இருந்தது. பிறகு அதன் கீழே, யாரும் தட்டாமல், யாரும் எழுதாமல், மூன்று எண்கள் வந்து உட்கார்ந்தன. பச்சையப்பன் கண்ணாடி வழியாக ஃபர்னசின் மேலே இருந்த மீட்டரைப் பார்த்தார். அங்கேயும் அதே மூன்று எண்கள்தான் சிவப்பாக எரிந்துகொண்டிருந்தன.

"இன்னொரு தபா அமுக்கட்டா?"

"அமுக்குங்க, தேஞ்சா போயிடும்?"

மறுபடி அமுக்கினார். இந்த முறை ஓர் எண் கொஞ்சம் ஏறியிருந்தது. வெளியே மீட்டரும் ஏறியிருந்தது.

அவருக்கு முதுகு சிலிர்த்தது. எழுத்து கட்டத்தை விட்டு எழுந்து, கண்ணாடியைத் தாண்டி, தான் இத்தனை வருஷம் எட்டிப் பார்க்கவே அஞ்சின அந்த நெருப்புக்குள் போய், மூன்று மூலையையும் தொட்டுப் பார்த்துவிட்டு, சேதியோடு திரும்பி வந்து தன் இடத்தில் உட்கார்ந்துகொள்கிறது. எழுத்துக்கு உடம்பு சுடவில்லை. கண் போகவில்லை.

"இதுக்கு முன்னாடி செய்முறை ஒரு ஃபைல்ல கெடக்கும், கணக்கு வேற எடத்துல, ரிப்போர்ட்டு வேற எடத்துல. மூணும் ஒண்ணோட ஒண்ணு ஒத்தே போவாது" என்று நந்தினி சொல்லிக்கொண்டிருந்தாள். "இப்ப ஏன் செய்யறோம்ங்கறதும், எப்படி செய்யறோம்ங்கறதும், செஞ்சா இன்னா வந்துச்சுங்கறதும் ஒரே பக்கத்துல. இதையே அப்படியே கஸ்டமருக்கு அனுப்பிடலாம்." அவர் அதில் பாதியைத்தான் கேட்டார். கட்டத்துக்குள் தமிழில் 'தடிமன்' என்று ஒரு சொல் தெரிந்தது. அதைத் தொட்டுக் காட்டினார்.

"மெஷினுக்குத் தமிழ் தெரியுமா?"

"அதுக்கு எந்த மொழியும் தெரியாதுண்ணா. ஆனா பேரு நம்ம வெக்கலாம், எந்த மொழில வேணும்னாலும். தடிமன்னு பேரு வெச்சு நாப்பதுன்னு சொல்லிட்டா, அப்புறம் தடிமன்னு எங்க கூப்ட்டாலும் நாப்பதுன்னு புரிஞ்சுக்கும். உள்ள இருக்குற மத்த கிறுக்கல் அதோட பாஷை."

அன்று ராத்திரிச் சாப்பாட்டில் பச்சையப்பன் மனைவி சந்திரகலாவிடம் இதை விவரிக்கப் பார்த்தார். அவருக்கு எழுத்தின் மேல் ஆசை வந்ததே அவளால்தான். மகளிர் குழுவில் கைநாட்டு வைக்கக் கூடாது என்று சொன்னதும் அவள் மாலை வகுப்புக்குப் போனாள். பொன்னேரிப் பக்கத்து ஆரணி பஸ் ஸ்டாண்டில் அவள் போர்டு படித்து ஏறுவதையும், தான் பக்கத்தில் இருப்பவனைக் கேட்டு ஏறுவதையும் பொறுக்காமல் இவரும் பின்னாலேயே போனார்.

"எழுதுனத அமுக்குனா அது போயி வேல செஞ்சுட்டு வர்துமே" என்றார்.

"நானும்தான் சுவத்துல 'துணிய மடிச்சு வை'ன்னு எழுதி ஒட்டியிருக்கேன். உன்ன அமுக்கியும் நடக்கல" என்றாள் சந்திரகலா. அவருக்கே சிரிப்பு வந்துவிட்டது. ஆனாலும் படுத்த பிறகு அந்த மூன்று எண்கள் கண்ணுக்குள் ஏறி இறங்கிக்கொண்டே இருந்தன.

திங்கட்கிழமை வந்தது.

இங்கே ஒன்றைச் சொல்லியாக வேண்டும். எழுத்தே தெரியாத காலத்திலும் பச்சையப்பனுக்கு ஓர் எழுத்து தெரியும். பிள்ளையார் சுழி. மளிகைக் கடைக்காரர் சீட்டின் தலையில் போடுகிற அந்த உ. அதைப் பார்த்துப் பார்த்துப் பழகிக்கொண்டு, ஷிப்ட்டின் முதல் கூடை உள்ளே போகுமுன் அதன் நெற்றியில் சாக்பீசால் ஒரு உ போடுவார். கூடையின் மறுபக்கம் பிடிக்கிற ஸ்டீவன், தன் பக்கத்தில் ஒரு சிலுவை போடுவான். ஃபர்னசுக்குள் போனால் சுழியும் சிலுவையும் ஒன்றாகவே வெந்து மறையும். எந்த மேனேஜரும் அதைக் கேட்டதில்லை.

கண்ணாடி அறையில் கூடை இல்லை, சாக்பீசும் இல்லை. கீபோர்டுதான் இருந்தது. நந்தினி அதன் மேல் தமிழ் எழுத்து ஸ்டிக்கர் ஒட்டி வைத்திருந்தாள். வெளியே ஸ்டீவன் கூடையை ஃபர்னஸ் வாயில் கொண்டுவந்து நிறுத்திவிட்டுக் கண்ணாடிக்கு வந்து தட்டினான்.

"நைனா! உன் சுழி இல்லாம மொத கூட போவுது. உனக்கும் சேத்து நானே சிலுவ பெருசா போட்டுட்டேன், கோச்சுக்காதே!"

பச்சையப்பன் கை ஆட்டினார். பக்கத்தின் முதல் கட்டத்தை அமுக்கினார். மூன்று எண்ணும் வந்தன, ஒன்றாகவே இருந்தன. சரி என்று தலையாட்டினார். கூடை உள்ளே போய்க் கதவு இறங்கியது. பக்கத்தின் அடியில் காலியாக ஒரு கட்டம் காத்திருந்தது. அன்றன்றைக்கு வருகிற இரும்பின் தடிமனை வேலை பார்ப்பவரே எழுத வேண்டிய கட்டம். எழுதி அமுக்கினால் எவ்வளவு நேரம் உள்ளே வேக வேண்டும் என்று அது சொல்லும். மணியும் அதுவே அடிக்கும். இதுவரை அந்தக் கட்டத்தை நந்தினிதான் நிரப்பினாள். இன்றைக்கு அவருடையது.

காலியான இடத்தைப் பார்த்ததும் கை தானாகப் போயிற்று. முதல் வரியில் உ. அடுத்த வரிகளில், அவள் சொல்லிக் கொடுத்தபடி:

தடிமன் = 40
நேரம் = தடிமன் * 2.5

முக்கோணத்தை அமுக்கினார்.

கீழே வந்தது எண் இல்லை. சிவப்பு. பட்டை பட்டையாக, வரி வரியாக, இங்கிலீஷில் சிவப்பு.

வாசலில் நின்றிருந்த ரகு உள்ளே வந்தார். "இன்னாயா இது ரத்தக்களறி?"

"தெரியல சார். சொன்ன மாதிரிதான் அடிச்சேன்."

"கால்குலேட்டர்ல போட்டா ஒரு நிமிஷ வேல. நாப்பது இன்ட்டு ரெண்டரை, நூறு. ஆனா பக்கத்துல பதில் வராம கூடைய எடுத்தா கஸ்டமர் ஒத்துக்க மாட்டான், மொத்தக் கூடையும் ரிஜெக்ட்டு. தெரியுமில்ல?" ரகு திட்டவில்லை. அதுதான் பச்சையப்பனுக்குப் பயமாக இருந்தது. "நான் அப்பவே சொன்னேன். உன்னச் சொல்லிக் குத்தமில்ல பச்சை. உனக்கு இது வாணாம்."

பச்சையப்பன் வெளியே பார்த்தார். கண்ணாடிக்கு அந்தப் பக்கம் ஃபர்னஸ் கதவின் இடுக்கில் ஆரஞ்சுக் கோடு தெரிந்தது. அதன் முன்னால் ஸ்டீவன் முகத்தைத் துடைத்துக்கொண்டிருந்தான். அங்கே போகவும் முடியாது, இங்கே இருக்கவும் முடியாது. ஆபரேஷன் ஆன கண் நீர் கோத்துக்கொண்டது. சட்டையில் துடைத்துக்கொண்டு, தெரிந்த எழுத்து எதாவது இருக்கிறதா என்று அந்தச் சிவப்பைக் கடைசி வரி வரை தடவிக்கொண்டே போனார்.

இருந்தது.

கடைசி வரியில், புரியாத அத்தனை இங்கிலீஷுக்கும் நடுவில், இரண்டு பக்கமும் குட்டிக் குட்டிக் கோடு காவலுக்கு நிற்க, ஒற்றை உ. அவர் போட்ட அதே உ. சந்தைக் கூட்டத்தில் காணாமல் போன பிள்ளையைத் தோளில் தூக்கிப் பிடித்து, இது யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்கிற மாதிரி, மெஷின் அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டிருந்தது.

அவருக்குப் பயம் போன இடம் தெரியவில்லை. தான் போட்ட எழுத்தை அது படித்திருக்கிறது! இத்தனை வருஷம் நெருப்பு வாய் பேசாமல் தின்ற சுழியை, இது தின்னாமல் எடுத்து வைத்துக் கேள்வி கேட்கிறது.

"சார், ஒரு நிமிஷம்" என்று போனை எடுத்து நந்தினியைக் கூப்பிட்டார்.

அவள் வருகிற ரயில் பொன்னேரியில் நின்றிருந்தது. பின்னால் யாரோ கொய்யாப்பழம் கூவிக்கொண்டிருந்தார்கள். "சொல்லுங்கண்ணா, செவப்பா வந்துச்சா? கடைசி வரில இன்னா இருக்கு?"

"நம்ம உ இருக்குதுமா. புள்ளையார் சுழி."

நந்தினி சிரித்தது ரகுவுக்கே கேட்டது. "கட்டத்துக்குள்ள போட்டீங்களா? அய்யோ அண்ணா! கட்டத்துக்கு வெளிய எத்தன சுழி வேணா போடுங்க, அது கண்டுக்காது. உள்ள போட்டா ஒவ்வொரு எழுத்தையும் அது வேலன்னு நெனைக்கும். உ-ன்னு ஒருத்தரக் கூப்பிடறீங்களே, அது யாருன்னு எனக்கு யாரும் சொல்லலியேன்னு கேக்குது."

"அழிச்சுடுயா" என்றார் ரகு.

"அழிச்சுட்டாலும் ஓடும்ணா. இல்லன்னா அதுக்கு முன்னாடி வேலி மாதிரி இருக்குற # குறி போட்டுட்டா கண்ண மூடிக்கினு தாண்டிப் போயிடும்."

தனியாக ஓட்டும் முதல் நாள், தன் கையால் நிரப்பும் முதல் கட்டம். போட்ட சுழியை அழிப்பதா? பச்சையப்பனுக்குக் கை வரவில்லை. கண்ணை மூடிக்கொண்டு தாண்டிப் போகச் சொல்வதும் மரியாதையாகப் படவில்லை. "யாருன்னு தெரியலன்னுதான கேக்குது? சொல்லிட்டா ஆவாதா?" என்று கேட்டார்.

போனில் ரயில் நகரும் ஓசை கேட்டது. "ஆவும்ணா" என்றாள் நந்தினி. குரலில் இப்போது சிரிப்பு இல்லை. "நல்லாவே ஆவும். தடிமனுக்குச் சொன்ன மாதிரி உ-வுக்கும் ஒரு மதிப்பு சொல்லுங்க. ஒண்ணுன்னு சொல்லுங்க."

"ஏம்மா ஒண்ணு?"

"ஒண்ணால பெருக்குனா எதுவும் மாறாதுண்ணா. கூட இருப்பாரு, கணக்கக் கெடுக்க மாட்டாரு."

பச்சையப்பன் ஒரு விரலால், மெதுவாக, உ-வுக்குப் பக்கத்தில் அடித்தார். "சும்மா வாசல்ல நிக்க வைக்கறதா? கணக்குலயும் சேத்துக்கட்டுமா?" என்று கேட்டார். "சேத்துக்கோங்க, முன்னாடி உ போட்டு ஒரு நட்சத்திரம்" என்பதற்குள் சிக்னல் போய்விட்டது. திரையில் இருந்தது இதுதான்:

உ = 1
தடிமன் = 40
நேரம் = உ * தடிமன் * 2.5

"யோவ், சாமியையெல்லாம் பெருக்காதயா" என்றார் ரகு. ஆனால் அவரும் குனிந்து திரையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தார்.

அமுக்கினார். கட்டம் யோசித்தது. சிவப்பு மொத்தமும் ஒரே மூச்சில் மறைந்தது. அந்த இடத்தில் கறுப்பில், அமைதியாக, நூறு நிமிடம் என்று வந்து உட்கார்ந்தது. மூலையில் மணி ஓடத் தொடங்கியது.

பச்சையப்பன் இரண்டு கையையும் கீபோர்டை விட்டு எடுத்து மடியில் வைத்துக்கொண்டார். கும்பிட வேண்டும் போல இருந்தது. யாரை என்று தெரியவில்லை. உ யாரென்றே அறியாத ஒன்றிடம், இதுதான் இது என்று ஒரு வரியில் சொல்லிவிட்டார். அது உடனே ஒத்துக்கொண்டு வேலைக்குப் போய்விட்டது. நம்பிக்கை என்பதை அவர் அத்தனை சுலபமாகப் பார்த்ததே இல்லை.

மணி அடித்ததும் கூடை வெளியே வந்தது. இரும்பைச் சோதித்தவர்கள் உறுதி சரியாக இருக்கிறது என்றார்கள். ரகு, "மிச்ச நாளையும் பாப்போம்" என்று மட்டும் சொல்லிவிட்டுப் போனார். ஆகவே நாற்காலி அவருடையதா இல்லையா என்பது அந்த வாரம் முழுக்க அவர் கூடவே பஸ் ஏறி, கூடவே இறங்கியது. வாரத் தொடக்கத்தில்தான் அந்தக் கட்டம் காலியாக இருக்கும், மற்ற நாளில் நேற்றைய பக்கத்தை நகல் எடுத்துத் தடிமனை மட்டும் மாற்றுவார்கள் என்பதால் உ மட்டும் ஷிப்ட் விட்டு ஷிப்ட் தானாகப் போய்க்கொண்டிருந்தது.

அவருடைய வார லீவு அன்று, நாஷ்டா முடித்து டீ கிளாசைக் கையில் எடுக்கும்போது போன் வந்தது. ரகு.

"பச்சை, எங்க கீற?"

"ஊட்லதான் சார். லீவாச்சே."

"கஸ்டமர் ஆளுங்க வர்றாங்கய்யா. பக்கத்தப் பாக்கணும்னாங்க. மொத வரில உ ஒண்ணுன்னு கெடக்கே, இது இன்னா கோலம்னு கேப்பாங்கன்னு அந்த வரிய எடுத்துட்டேன். இப்ப மறுபடி செவப்பு. நந்தினி கிட்ட கேட்டா, 'அது பச்சையப்பண்ணா ஆளு, அவரையே கேளுங்க'ன்னு வெச்சிட்டா. பேஜாரு புடிச்ச பொண்ணு."

பச்சையப்பன் டீ கிளாசைக் கீழே வைத்தார். "கடைசி வரில இன்னா சார் இருக்குது?"

ரகு தொண்டையைச் செருமினார். "உன் உ-தான். காணோமாம். தேடுது."

பச்சையப்பன் எழுந்து நின்றுவிட்டார். ஏன் எழுந்தார் என்று கேட்டால் அவருக்கே தெரியாது. அன்றைக்கு அது, யார் இது என்று கேட்டது. இன்றைக்கு, எங்கே அவர் என்று கேட்கிறது.

"கணக்குக்குள்ள இருக்காரு சார், அதான். வாசல்ல சொல்லிட்டா போதும். உ, சமம், ஒண்ணு. திரும்ப அடிங்க, மொத வரில."

போனில் விசை தட்டுகிற ஒலி கேட்டது. டக். டக். டக். ரகுவும் ஒற்றை விரலால்தான் தட்டுகிறார் என்று அன்றைக்குத்தான் தெரிந்தது. அதற்குப் பின்னால் ஃபர்னஸ் ப்ளோயரின் இரைச்சல் மட்டும் இருந்தது. பச்சையப்பன் போனைக் காதோடு அழுத்திக்கொண்டார்.

"வந்துடுச்சுய்யா" என்றார் ரகு. மூச்சு விட்டது கேட்டது. பிறகு, "நாற்காலி தாழ்வா இருக்கு, கழுத்து வலிக்குதுன்னியே. ஸ்டோர்ல சொல்லி வேற போடச் சொல்லிட்டேன். நாளைக்கு வந்து ஒசரம் சரியா இருக்கான்னு பாத்துக்கோ" என்று சொல்லிவிட்டு, போனை வைக்க மறந்துபோய், யாரிடமோ கூடையை இறக்கச் சொல்லிக் கத்தினார்.

பச்சையப்பனும் வைக்கவில்லை. அவ்வளவு தொலைவில், அவர் இல்லாத அறையில், அவர் போட்ட ஒரு சுழி இந்நேரம் நெருப்போடு நின்று நேரம் பார்த்துக்கொண்டிருக்கிறது. கண்ணாடி இல்லாமல், வியர்வை இல்லாமல். அந்த இரைச்சலைக் கேட்டுக்கொண்டே நின்றார்.

"இன்னாயா, யாரு போன்ல? பேயறைஞ்ச மாதிரி நிக்கற?" சந்திரகலா வாசலுக்கு வந்தாள்.

அவர் போனை அவள் காதில் வைத்தார்.

"ஒண்ணும் கேக்கலியே. காத்துதான் அடிக்குது."

"வேல செய்யுதுமே" என்றார் பச்சையப்பன். "நான் எழுதுனது."